நம் தெருக் கதையும் புத்தகமாகும்

மோகனூர் என்றால் நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர் என்பார்கள். 1888இல் இங்கே பிறந்த அவர் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். இதே ஊர்க் காலனியில் இன்று யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எழுதுகிறார்கள். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி அண்மையில் ஒரு நோட்டை நீட்டினாள். அம்மா கரும்பு வெட்டப் போய்விட, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியின் கதை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். ஒருநாள் வகுப்பில் வாய்தவறி வீட்டு மொழி வந்துவிட, எல்லோரும் சிரிக்கிறார்கள். படித்து முடித்ததும் கேட்டாள்: “அக்கா, இதை யாருக்கு அனுப்பறது?”

நம் மாவட்டத்துக்காரரான பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களை எழுதினார். அது பெரியவர்களுக்கான நாவல். அந்தச் சிறுவர்களே படிக்க, அந்தத் தெருவிலிருந்தே வரவேண்டிய கதைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

ஐதராபாத்தின் அன்வேஷி அமைப்பு இந்த வேலையைச் செய்து காட்டியது. தலித், முஸ்லிம் குழந்தைகளின் வாழ்க்கையைச் சொல்லும் கதை வரிசையை 2008இல் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தது. காஞ்சா அய்லய்யாவும் கோகு சியாமளாவும் அதில் எழுதினார்கள்.

“பிள்ளைகள் கதையில் சாதி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிய சிறார் கதைதான். அவருக்கு 2025இல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது.

சரி, எங்கே அனுப்புவது? சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, கைப்பேசி போதும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழிலும் எழுதலாம். அங்குள்ள படங்களிலிருந்து வேண்டியதை எடுத்து, கதையைச் சேர்த்து, நாமே வெளியிடலாம். கட்டணம் இல்லை, நமக்குப் பணமும் வராது. ஒன்றை மறக்கக் கூடாது: அங்கே போட்ட கதையை நம் பெயரைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஆகவே பதிப்பகத்துக்கு அனுப்ப நினைக்கும் கதையை அங்கே போடாதீர்கள்.

சென்னை தூலிகா போன்ற சிறார் பதிப்பகங்களுக்குக் கதை அனுப்பும் விதிகள் அவரவர் இணையதளத்திலேயே இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அவர்கள் போட்ட புத்தகம் இரண்டையாவது படியுங்கள்.

மின்னஞ்சலின் தொடக்கத்திலேயே மூன்று விஷயம் வேண்டும்: கதை என்ன, எந்த வயதுக் குழந்தைக்கு, எத்தனை சொற்கள். பிறகு உங்களைப் பற்றி இரண்டு வரி. கதையை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்; தட்டச்சு வராவிட்டால் கைப்பேசியில் பேசினாலே எழுத்தாகும், பிழையை மட்டும் திருத்தினால் போதும். படம் வரையத் தெரியாதே என்ற கவலை வேண்டாம். ஓவியரைப் பதிப்பகம் பார்த்துக்கொள்ளும். அனுப்பியதன் பிரதியையும் தேதியையும் வைத்திருங்கள்.

“பணம் கட்டு, தொகுப்பில் உன் கதையைப் போட்டுச் சான்றிதழ் தருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஒதுங்குங்கள். நல்ல பதிப்பகம் எழுதியவரிடம் காசு கேட்காது. கதையைத் திருத்தச் சொன்னால் திருத்தலாம். ஆனால் தெருவின் பெயரையும் வீட்டுப் பேச்சையும் எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அவற்றை எடுத்தபின் அது நம் கதையாக இருக்காது.

அந்த மாணவி இப்போது அம்மாவின் கைப்பேசியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். அம்மா வயலிலிருந்து திரும்பிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் அவளுக்கு. பாதி முடிந்திருக்கிறது.