ஹெட்லைட்டுக்கும் மூச்சு வேண்டும்

ஜொகூரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. நண்பகல் வரை தார்ச்சாலை தகிக்கும். மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். ஐந்து மணிக்கு வெயில் மறுபடி எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு மழை ஓய்ந்த பிறகு ஸ்கூடாய், தெப்ராவ் பக்கத்துக் கார் நிறுத்தங்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். சில கார்களின் முன்விளக்கு உள்பக்கமாக மங்கிக் கிடக்கும். துணியால் தேய்த்தாலும் போகாது. ‘லைட்டுக்குள்ள தண்ணி பூந்திருச்சு’ என்று அடுத்த நாளே போர்மேனிடம் புகார் போகும். பெரும்பாலும் உள்ளே புகுந்தது வெறும் காற்றுதான். மழைநீருக்கு அதில் பங்கில்லை.

முன்விளக்கை துளிக் காற்றும் போகாத டப்பா என்று பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் 1940 முதல் கார்களுக்குக் கட்டாயமான ‘சீல்டு பீம்’ விளக்கில் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் ஒன்றாக உருக்கி ஒட்டப்பட்டிருந்தன. இழை அறுந்தால் விளக்கையே தூக்கிப் போட வேண்டும். பல்பை மட்டும் மாற்றும் விளக்குகளுக்கு அந்நாடு 1983இல் அனுமதி தந்தது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மூடிகள் பரவின. காரின் முகத்துக்கு ஏற்றபடி விளக்கை வளைக்கவும் நீட்டவும் முடிந்தது. அதோடு ஒரு புதுச் சிக்கலும் வந்தது.

விளக்கின் உட்புறம் பத்து லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். ஹாலஜன் பல்பு எரிந்து உள்காற்று 30 பாகையிலிருந்து 70 பாகை செல்சியசுக்குச் சூடேறினால், அது ஏறத்தாழ 13 விழுக்காடு விரியும். அதாவது ஒரு லிட்டருக்கும் மேல் காற்று வெளியேற இடம் வேண்டும். இடம் தராமல் இறுக அடைத்தால் அழுத்தம் ஏறி, ஒரு சதுர அடி மூடியை நூறு கிலோவுக்கும் கூடுதலான எடைக்குச் சமமாக வெளியே தள்ளும். பிளாஸ்டிக்கையும் பசையையும் நம்பி இதைத் தாங்க வைக்க முடியாது. ஆகவே விளக்கின் பின்புறம் சிறு மூச்சுத் துளைகள் வைக்கிறார்கள். மேலொன்று கீழொன்றாக வைத்தால் காற்று தானே சுற்றி வரும். சிலவற்றில் கீழ்நோக்கி வளைந்த ரப்பர்க் குழாய். சிலவற்றில் விரிவாக்கப்பட்ட டெஃப்லான் சவ்வு ஒட்டிய வில்லை. அமெரிக்காவின் பாப் கோர் 1969இல் கண்ட பொருள் இது. அதன் நுண்துளைகள் காற்றையும் நீராவியையும் விடும், நீர்த்துளியை விடாது. மழைச்சட்டைத் துணியிலும் இதே சவ்வுதான்.

ஜொகூரின் காற்றே ஈரம். ஆண்டின் பெரும்பகுதி இங்கே பனிநிலை 24 பாகையை ஒட்டியே நிற்கிறது. அந்த அளவுக்குக் குளிரும் எந்தப் பரப்பும் வியர்க்கும். குளிரூட்டிய பேரங்காடியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதே கணக்குதான். குளிர்நாடுகளில் இதற்கு ஒரு பனி இரவு வேண்டும். நமக்கு ஒரு தூறல் போதும். வெயிலில் சூடேறிய விளக்கின் மேல் மழை விழுந்ததும் மூடி சட்டெனக் குளிர்கிறது, உள்காற்று சுருங்குகிறது, துளை வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றின் ஈரம் குளிர்ந்த மூடியின் உள்பக்கம் படிகிறது. கொதிக்கும் காரை நேரே கழுவும் கடைக்கு ஓட்டிப் போய் நீர்த்தாரையைப் பாய்ச்சச் சொல்வதும் இதையே செய்யும்.

எல்.இ.டி. விளக்கு வந்தபின் இந்த மங்கல் கூடியிருக்கிறது என்று சொன்னால் புதுக்கார் வாங்கியவர்களுக்குக் கசக்கலாம். 55 வாட் ஹாலஜன் பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே கொட்டியது. அதில் அகச்சிவப்புக் கதிராக முன்னே பாய்ந்தது மூடியை உலர்த்திவிடும். எல்.இ.டி.யிலோ வெப்பம் பின்னாலுள்ள உலோகத் தகட்டின் வழியே கழிகிறது. முன்மூடி குளிர்ந்தே இருக்கிறது. 2017இல் வந்த பெரோடுவா மைவியில் எல்லா ரகத்துக்கும் எல்.இ.டி. முன்விளக்கு பொருத்தப்பட்டபின், இந்த மாற்றம் நம் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கே வந்துவிட்டது.

அப்படியானால் எது பழுது, எது இயல்பு? தண்ணீரின் அளவே சொல்லிவிடும். 30 பாகையில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், பத்து லிட்டர் காற்றிலுள்ள மொத்த நீராவியே கால் கிராம்தான்: ஐந்து சொட்டு. அதிலும் சிறு பங்குதான் மூடியில் படியும். மெல்லிய ஆவிப்படலம் விளக்கு எரிந்தோ வெயில் பட்டோ ஓரிரு நாளில் மறைந்தால் விட்டுவிடுங்கள். பல நிறுவனங்களின் கையேடுகளே இதை இயல்பு என்கின்றன. முத்து முத்தாகத் துளிகள் வழிந்தால், அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் ஆடினால், அது காற்றில் வந்த ஈரமல்ல. எங்கோ ஓட்டை.

ஓட்டை பெரும்பாலும் மனிதர் கைவேலை. பல்பு மாற்றியவர் பின்மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருப்பார். விசிறி வைத்த எல்.இ.டி. பல்பைத் திணித்ததால் மூடி பொருந்தாமல் கழற்றி எறிந்திருப்பார். புரொஜெக்டர் மாட்டுவதற்காக விளக்கைச் சூடாக்கிப் பிரித்து, பழைய பியூட்டைல் பசையின் மேலேயே மறுபடி ஒட்டியிருப்பார். சிறு மோதலில் மூடியில் மயிரிழை விரிசலும் விழுந்திருக்கலாம். கண்டுபிடிக்க விளக்கைக் கழற்றி, மூச்சுத் துளைகளைத் தற்காலிகமாக ஒட்டி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி மெதுவாகக் காற்று ஊதினால் போதும். குமிழி வரும் இடத்தில் கோளாறு.

ஓட்டையை அடைப்பது சரி. மூச்சுத் துளையை அடைப்பதுதான் பெரும்பிழை. சிலிகான் குழாயை எடுத்துக் கண்ணில் பட்ட எல்லாத் துவாரத்தையும் பூசிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் சிறைப்படும், அழுத்தம் பசை ஒட்டிய இடத்தைப் பிளக்கும், முன்பைவிட மோசமாகும். அடியில் துளைபோட்டு வடிய விடும் வைத்தியமும் வேண்டாம். தூசியும் எறும்பும் வரும், அடுத்த மழையும் அதே வழியாக வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஜொகூர்க் காற்றில் அது விரைவிலேயே நிறைந்துவிடும். சூடான பல்பின் மேல் விழுந்தால் வேறு தொல்லை. உலர்த்தும் முறை எளிது. விளக்கைக் கழற்றி, தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, பின்மூடியைத் திறந்து, குளிரூட்டி ஓடும் அறையில் ஒரு நாள் வையுங்கள். அங்கே காற்று உலர்ந்தது. உலர்ந்ததும் அங்கேயே மூடிவிடுங்கள். அனல் துப்பாக்கியைத் தொட வேண்டாம், பசை இளகிவிடும்.

வெள்ளம் தனிக் கதை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்கள் தத்தளித்தன. விளக்கு சூடாக இருக்கும்போது காரை நீரில் இறக்கினால், சுருங்கும் உள்காற்று அந்தக் கலங்கல் நீரையே உறிஞ்சிக்கொள்ளும். நீர் வற்றினாலும் சேறு வற்றாது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இருக்கைக்கு அடியில் முகர்ந்து பார்ப்பதோடு நிற்காமல், முன்விளக்கின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரதிபலிப்பானின் குறுக்கே மட்டமாக ஒரு மண்கோடு தெரிந்தால், அந்தக் காருக்கு விலை பேசாதீர்கள்.