நாகரி லிபியில் ஒரு குற்றெழுத்து

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் செல்லும் ரயில் பாதையில் எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, எளாவூர் முதலிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர்ப்பலகைகள் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று பாஷைகளிலும் எழுதப்படுகின்றன. ஹிந்தியைக் கற்பதா, வேண்டாமா என்ற பெரிய விவகாரத்தில் நாம் இன்று பிரவேசிக்கவில்லை. நம் ஊர்ப் பெயரை எந்த லிபியில் எழுதினாலும் பிழையற எழுத வேண்டும் என்பதே நமது வாதம்.

கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் நாகரி லிபியில் உயிரெழுத்துப் பற்றிய தொல்லை இல்லை. எண்ணூருக்கும் எளாவூருக்கும் பொன்னேரிக்குமே சங்கடம். ஸம்ஸ்கிருதத்தில் ஏகாரமும் ஓகாரமும் எக்காலத்தும் நெடில். அவற்றுக்குக் குறில் கிடையாது. ஹிந்தி நெடுங்கணக்கும் அவ்வழியே சென்றது. ஆகவே எண்ணூர் 'ஏண்ணூர்' ஆகிறது. எளாவூர் 'ஏளாவூர்' ஆகிறது. பொன்னேரி 'போன்னேரி' ஆகிறது. பொன் போய் ஏரி மட்டும் நிற்கிறது! இது அற்ப விஷயமன்று. எடு வேறு, ஏடு வேறு. கொடு வேறு, கோடு வேறு. குறிலும் நெடிலும் மாறினால் தமிழில் பொருளே மாறிவிடும்.

இக்குறையைத் தீர்க்க எழுத்து இல்லையா? இருக்கிறது. நாகரி ஏகாரத்தின் மேல் ஒரு சிறு வளைகோடு இட்டுக் குறில் எகரமாக்கும் முறை உண்டு, ஒகரத்துக்கும் அவ்வாறே. காச்மீர பாஷையை நாகரியில் எழுதுவோர் இவ்வெழுத்தைக் கையாளுகின்றனர். தென்னாட்டுப் பாஷைகளின் குறிலைக் காட்டவும் இது பயன்படுகிறது. 1991-ல் வெளிவந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே இதற்கு இடம் அளிக்கப்பட்டது. கணிப்பொறியின் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையிலும் இதற்கு விசை உண்டு. எழுத்து இருக்கிறது; எழுதும் மனம்தான் இல்லை.

புது எழுத்தைப் புகுத்தினால் லிபி கெட்டுவிடும் என்று சிலர் கூறலாம். அவர்களை ஒன்று கேட்கிறோம். 'டாக்டர்', 'காலேஜ்' என்னும் ஆங்கிலச் சொற்களின் ஒலிக்காக ஆகாரத்தின் தலையில் பிறை சூட்டி எழுதுவதை ஹிந்தி வெகு நாட்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. அதனால் லிபி கெட்டதா? கடல் கடந்து வந்த சொல்லுக்குப் பிறை சூட்டியவர்கள், ஒரே தேசத்துப் பொன்னேரிக்கு ஒரு கோடு இட மறுப்பது என்ன நியாயம்?

நம் முன்னோரும் இச்சங்கடத்தைக் கண்டவர்களே. எகர ஒகரங்களுக்குப் புள்ளியிட்டு நெடிலினின்றும் வேறுபடுத்த வேண்டுமென்று தொல்காப்பியம் விதித்தது. ஏட்டில் எழுதுவோர் நாளடைவில் புள்ளியைக் கைவிட்டமையால் குறிலும் நெடிலும் மயங்கின. 18-ம் நூற்றாண்டில், இத்தாலி தேசத்திலிருந்து வந்த வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். அதனால் தமிழ் தேயவில்லை, தெளிவு பெற்றது. அயல்நாட்டார் ஒருவர் செய்த திருத்தத்தைத் தமிழர் மனமுவந்து ஏற்றனர். அப்பெருந்தன்மையை நாகரியை ஆள்வோரிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

இத்திருத்தத்தால் நன்மை நமக்கு மட்டுமன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் வடநாட்டுத் தொழிலாளர் பலர். அவர்களில் பிஹாரிகளின் தாய்மொழிகளான போஜ்புரி, மைதிலி, மகஹி ஆகியவற்றிலும் குறில் எகர ஒலி உண்டு. வாயில் இருக்கும் அவ்வொலிக்கு வழக்கமான நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஆகவே, பொன்னேரிக்காக நாம் கேட்கும் நியாயம் பாட்னாவுக்கும் தர்பங்காவுக்கும் உரியதே.

ஒரு கிரயப் பத்திரத்தில் ஊரின் பெயர் பிழைபட்டால் கட்சிக்காரர் கையெழுத்திட மாட்டார், திருத்தச் சொல்வார். ஸ்டேஷன் பலகை ஊரார் யாவருக்கும் பொதுவான பத்திரமன்றோ? ரயில்வே நிர்வாகமும் மத்திய ஹிந்தி இயக்ககமும் தென்னாட்டு ஊர்ப் பெயர்களைக் குறில் எழுத்துக்களோடு எழுத ஏற்பாடு செய்ய வேண்டும். 1918-ல் காந்தியடிகள் தோற்றுவித்த தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபை, தன் பாட புஸ்தகங்களில் இவ்வெழுத்துக்களைக் கற்பித்து வழிகாட்டலாம். நம் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் இதைக் கேட்கத் தயங்கலாகாது. தேச ஒற்றுமை என்பது ஒருவர் பெயரை மற்றவர் சரியாக உச்சரிப்பதில் தொடங்குகிறது. அதற்கு இங்கே வேண்டுவது ஒரு சிறு கோடுதான்.