பஸ் கண்ணாடி சொல்லும் பொய்

ஐயப்பன்தாங்கல் டிப்போவில் ஏறி முன்சீட்டில் இடம் கிடைத்துவிட்டால், டிரைவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். பின்னால் வரும் ஆட்டோ, தண்ணீர் லாரி, பைக் என்று மவுண்ட் பூந்தமல்லி சாலையின் நெரிசல் முழுக்க அந்தச் சின்னச் சட்டத்துக்குள் அடங்கியிருக்கும். அது குவி ஆடி. புடைத்திருப்பதால் அகலமாகக் காட்டும். அதற்காக எல்லாவற்றையும் சுருக்கியும் விடும்.

எவ்வளவு சுருக்கும்? பள்ளியில் மனப்பாடம் செய்த சமன்பாட்டைத் தூசி தட்டலாம். பொருளின் தொலைவு ‘பொ’, பிம்பத்தின் தொலைவு ‘பி’, குவியத் தொலைவு ‘கு’ என்றால்:

1/பி + 1/பொ = 1/கு

பரீட்சையில் ஆளைக் கவிழ்ப்பது கூட்டல் கழித்தல் குறிதான். ஆடியிலிருந்து அளக்க வேண்டும். ஒளி வந்து விழும் திசையில் அளந்தால் கூட்டல், எதிர்த்திசையில் கழித்தல். அவ்வளவுதான்.

வளைவு ஆரம் 2 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். குவியத் தொலைவு அதில் பாதி, +1. பைக் 10 மீட்டர் தள்ளி வருகிறது, அதாவது −10. 1/பி = 1 + 1/10 = 1.1. பிம்பம் கண்ணாடிக்குள் 91 சென்டிமீட்டரில் விழுகிறது. உயரம் பதினொன்றில் ஒரு பங்கு. 165 சென்டிமீட்டர் ஆள் 15 சென்டிமீட்டர் பொம்மையாகிவிட்டார்!

டிரைவரின் கண் கண்ணாடியிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், பொம்மை நிற்பது 1.91 மீட்டரில். மூளையோ உருவத்தின் அளவைப் பார்த்துத் தூரத்தை மதிப்பிடுகிறது. முழு ஆள் இவ்வளவு சிறிதாகத் தெரிய வேண்டுமானால் 21 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சமதளக் கண்ணாடியாக இருந்தால் 11 மீட்டர் என்று சரியாகச் சொல்லியிருக்கும். காரின் பக்கக் கண்ணாடியில், வண்டிகள் தெரிவதைவிட அருகில் இருக்கின்றன என்று அச்சடித்திருப்பது இதனால்தான்.

குழி ஆடிக்கும் இதே சமன்பாடுதான். ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியில் 2.34 மீட்டர் அகலக் குழி ஆடி இருக்கிறது. நட்சத்திரம் இருக்கும் தூரத்துக்கு 1/பொ பூஜ்யம்தான். ஆகவே பிம்பம் நேராகக் குவியத்திலேயே, ஆடிக்குச் சுமார் ஏழரை மீட்டர் முன்னால் விழுகிறது.

லென்ஸில் ஒளி திரும்பி வராமல் ஊடுருவிப் போவதால் நடுக்குறி மட்டும் மாறுகிறது: 1/பி − 1/பொ = 1/கு. கண்ணாடிக் கடையில் ‘பவர்’ என்பது இந்த 1/கு, மீட்டர் கணக்கில். என் மூக்கில் இருப்பது +2. டிக்கெட்டை 25 சென்டிமீட்டரில் பிடித்தால் 1/பி = 2 − 4 = −2. எழுத்து அரை மீட்டர் தூரத்தில் போய் நிற்கிறது. என் கண்ணுக்கு அங்கேதான் தெளிவாகத் தெரியும்.