கூண்டுக்குள் ஒரு சிற்றுயிர்

பிள்ளைகளின் பிடிவாதத்திற்காக நாம் வாங்கிவரும் கினிப்பன்றி, பெயரில் பன்றியாயினும், கொறித்துண்ணும் இனத்தைச் சார்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு அதன் தாயகமாதலால், 30 டிகிரி செல்சியசைத் தாண்டும் வெப்பம் அதன் உயிரையே பறிக்கக்கூடும். எனவே கூண்டினை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்போம். கம்பித்தளம் பாதங்களைப் புண்ணாக்கும்; சமதளத்தில் உலர்புல் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் அகற்றுதல் வேண்டும்.

ஓயாது வளரும் பற்கள் தேய்வதற்கும் உலர்புல்லே முதன்மை உணவு. நம்மைப் போன்றே இதற்கும் வைட்டமின் 'சி'யை உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாது. நாள்தோறும் குடைமிளகாய்த் துண்டு போன்றவற்றைத் தராவிடில், மூட்டு வீங்கி நலிவுறும். தனிமையும் ஆகாது, இரு பெட்டைகளைச் சேர்த்து வளர்த்தல் நன்று.

பிள்ளையின் ஆசை ஒரு திங்களில் தணியலாம். இவ்வுயிரோ 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். அத்தனை நாளும் அதன் பசியறிந்து ஊட்ட இயலுமா என, வாங்குமுன் பெற்றோராகிய நீங்கள் உங்களையே வினவிக்கொள்ளுங்கள்.