செத்தவர் எழுந்திருக்கும் ஆட்டம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எங்கள் பால்வாடிப் பிள்ளைகள் தற்காலிகத் தார் ஷீட் கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் ஆடத் தொடங்கியது அலை விளையாட்டைத்தான். நாலு பேர் கைகோத்து ஓடிவருவார்கள். மற்றவர்கள் "தண்ணி வருது, ஓடு" என்று கத்திக்கொண்டு பெஞ்சில் ஏறுவார்கள். ஏறாதவர் செத்தவர். "அபசகுனம் டீச்சர், நிறுத்துங்க" என்றார்கள் தாய்மார்கள். நான் நிறுத்தவில்லை. நாலு வயசுக்குப் பேச்சில் சொல்லத் தெரியாது; ஆடித்தான் சொல்லும்.

ஒரு பையன் மட்டும் தினமும் செத்தவனாகவே கிடந்தான். ஆட்டம் முடிந்தாலும் எழவில்லை. சிரிப்பும் மாறுதலும் இல்லாமல் அதே ஆட்டம் திரும்பத் திரும்ப வந்தால் அதில் ஆறுதல் இல்லை. பெரியவர்கள் உள்ளே புகவேண்டும். அவன் பக்கத்தில் கயிற்றைப் போட்டு, "படகுலேர்ந்து கயிறு வருதுடா, பிடி" என்றேன். சில நாள் கழித்துப் பிடித்தான். அப்புறம் கயிறு போடுகிற வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டான்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்திலிருந்து வந்து ஊர்ப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். விரல் சூப்புவதும் படுக்கையில் ஒண்ணுக்குப் போவதும் திரும்ப வரும், திட்டாதீர்கள் என்றார்கள். சத்துமாவு உருண்டையைத் தினமும் அதே நேரத்துக்குக் கொடுப்பதும் வைத்தியம்தான்.

பெரியவர்களோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. "அம்மா தூங்குறா" என்று சொல்லிவைத்தால் பிள்ளை தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்கா" என்றால் வாசலிலேயே காத்துக்கிடக்கும். அம்மா செத்துட்டா, இனி வரமாட்டா என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் பிள்ளை, "நான் சோறு வேணாம்னேன், அதான் கடல் வந்துச்சா?" என்று கேட்டது. கேட்காத பிள்ளைகளும் இப்படித்தான் நினைக்கும். "உன்னால இல்ல கண்ணு" என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

டீவியை அணைத்துவிடுங்கள். பழைய அலையைத் திரும்பக் காட்டினால் சின்னதுகளுக்கு அது புது அலை.

2024-இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு, அதில் பயந்துபோன தன் பேத்திக்கு மந்திரிக்கலாமா என்று ஓர் உறவுக்காரர் கேட்டார். தாராளமாக மந்திரியுங்கள், வேப்பிலை பிள்ளையை ஒன்றும் செய்யாது. ஒரு மாதம் தாண்டியும் பேச்சு, சாப்பாடு, தூக்கம் சரியாகவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போங்கள். போவதற்குமுன் யோசனை கேட்க 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.