வரிசை மாறினால் 'பாரத்' சிதையும்

வட இந்திய அலுவலகங்களில் 'க்ருதி தேவ்' எழுத்துருவில் தட்டப்பட்ட கோப்புகள் ஏராளம். திரையில் தெரிவது இந்தி. கம்ப்யூட்டர் சேமித்திருப்பதோ ஆங்கில எழுத்துகளை. யூனிகோடு இந்தியில் ஒரு பெயரைத் தட்டித் தேடினால், கோப்பில் இருந்தும் அகப்படாது.

தீர்வு, ஒரு மாற்றுப் பட்டியல். இடப்பக்கம் பழைய குறி, நடுவே டேப், வலப்பக்கம் யூனிகோடு எழுத்து. யூடிஎஃப்-8 வடிவில் சேமித்து மென்பொருளில் ஏற்றினால், மாற்றங்களை அதுவே ஒவ்வொன்றாகச் செய்துவிடும்.

சிக்கல் வரிசையில்தான். பழைய கோப்பில் 'பாரத்' என்பது பெரிய எச், சிறிய கே, கே, ஜே, ஆர். முதல் இரண்டும் சேர்ந்தால்தான் 'ப'. அடுத்த கே துணைக்கால். கே-யை மாற்றும் வரி பட்டியலில் முந்திக்கொண்டால், எச் தனித்து நின்று அரை எழுத்தாகிவிடும். எனவே நீண்ட குறிகளே முதலில் வர வேண்டும்.

பட்டியலுக்கும் எல்லை உண்டு. குறில் இகரக் குறியைப் பழைய எழுத்துரு மெய்க்கு முன்னும், யூனிகோடு பின்னும் வைக்கின்றன. இடம் மாற்றத் தனி விதி தேவை. கோப்பிலுள்ள நிஜ ஆங்கிலச் சொற்களும் அர்த்தமற்ற இந்தியாகிவிடும்.

ஆகவே முதலில் நகலில் சோதிப்பதே விவேகம். பென்ஷன் கோப்பில் பெயர் சிதைந்தால், அவதிப்படப்போவது மென்பொருள் அல்ல.