இமயத்துப் பனிக்கு ஓர் எடைக்கோல்

பண்ருட்டிக்கு அடுத்த அண்ணாகிராமத்தில் பனி என்றால், மார்கழி விடியற்காலையில் வைக்கோற்போரை நனைப்பது. தை பிறந்த பின்னும் நீடித்தால் முந்திரிப் பூவைக் கருகச் செய்வது. முழங்காலளவு, ஆளளவு என்று தரையில் கிடக்கும் பனியை அவ்வூரார் கண்டதில்லை. பெண்ணையாற்றிலும் பனி உருகிய நீர் ஒரு துளி கிடையாது. அது கன்னட நாட்டு நந்தி மலையில் பிறந்து, பெய்த மழையை மட்டுமே சுமந்து வருவது. அப்படியிருக்க, இமயமலைப் பனியைப் பற்றி நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் தேசத்தில் மழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி ஆரம்பமானது அந்தப் பனியை வைத்துத்தான். அம்முயற்சிக்குக் காரணமாயிருந்ததோ தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம்.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டுமிருந்தது! அதைத் தடுப்பதைவிட மழையை முன்னறிவது சுலபம் என்று சர்க்கார் எண்ணியது போலும். 1875-ல் ஏற்பட்ட வானிலை இலாகாவின் தலைவர் ஹென்றி பிளான்போர்டிடம் அந்தப் பொறுப்பு வந்தது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இமயத்தில் பனி மிகுந்தால், வடமேற்கு இந்தியாவில் வறண்ட காற்று வீசித் தென்மேற்குப் பருவமழை தளரும் என்று அவர் 1884-ல் எழுதினார். 1886 ஜூன் 4-ந் தேதி முதல் மழை முன்னறிவிப்பு முறையாக வெளிவரலாயிற்று.

ஆனால் சூத்திரம் எப்போதும் பலிக்கவில்லை. 1899-ல் நல்ல மழை என்றார்கள். வந்தது கொடிய வறட்சி. பிளான்போர்டுக்குப் பின் வந்தவர்கள் பசிபிக் சமுத்திரம் வரை காரணம் தேடிப் போனார்கள். எனினும் 1976-ல் ஹான், சுக்லா என்னும் இரு விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, ஐரோப்பா-ஆசியப் பெருநிலத்தில் பனி விரிந்து கிடந்தால் நம் பருவமழை குன்றுகிறதென்று காட்டியபோது பழைய எண்ணம் மீண்டும் உயிர் பெற்றது. இந்தத் தொடர்பு எல்லா வருஷங்களிலும் ஒரே உறுதியுடன் காணப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிளான்போர்டு காலத்தில் பனியை நிறுப்பதற்குக் கருவி இல்லை. அதைச் செய்து காட்டியவர், வேடிக்கையாக, ஒரு லத்தீன்-கிரேக்கப் பண்டிதர். அமெரிக்காவில் நெவாடா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் சர்ச், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், நுனியில் பல் வைத்த ஒரு குழாயைப் பனியில் தரைவரை செருகி, அகப்பட்ட பனியோடு தராசில் தொங்கவிட்டார். குழாயின் எடையைக் கழித்தால் பனியின் எடை. அதுவே உருகினால் கிடைக்கும் நீரின் அளவு. ஆழத்தை மட்டும் அளப்பது ஏமாற்றும். புதிதாய் விழுந்த பனி பஞ்சு போன்றது. 10 அங்குலப் பனி உருகினால் சுமார் 1 அங்குல நீர்தான். நாட்பட்டு இறுகிய பனியில் அதுவே 3, 4 அங்குலமாகலாம். இந்தச் சர்ச் தம் 78-ம் வயதில், நாம் சுதந்திரமடைந்த 1947-ல், இந்திய சர்க்காரின் அழைப்பின் பேரில் இமயத்துக்கும் பனி அளக்க வந்தார்.

சமவெளியில் ஓரிடத்து அளவு பல காததூரத்துக்குப் பொருந்தும். மலையில் அப்படியல்ல. சிகரத்திலிருந்து காற்று பனியை வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் குவிக்கிறது. வெயில் படும் தென்சரிவு வெறுமையாகக் கிடக்க, நிழலான வடசரிவில் பனி ஆளை மூழ்கடிக்கும். தேவதாரு மரங்கள் தம் கிளைகளிலேயே கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளும். மேலும், அதிகம் பனியுள்ள இடமே பனிச்சரிவினால் மனிதனைக் கொல்லும் இடம். 1969-ல் மணாலியில் பனிக்கும் பனிச்சரிவுக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 2020-ல் அது மற்றொரு நிலையத்துடன் இணைக்கப்பட்டு வேறு பெயர் பெற்றது.

எட்ட முடியாத இடங்களை வானத்திலிருந்து பார்க்கிறார்கள். மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை, எப்படிப் பிரித்தறிவது? கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதியைப் பனி விழுங்கிவிடும். மேகம் அதைத் திருப்பியனுப்பும். இந்த உபாயத்தால் 'மோடிஸ்' என்னும் கருவி 2000 முதல், 500 மீட்டர் சதுரங்களாக, உலகின் பனிப்பரப்பைக் குறித்து வருகிறது. ஆயினும் அது காட்டுவது பரப்பே. போர்வை எவ்வளவு கனமென்று சொல்லாது. மேகம் மூடிய நாட்களில் பரப்பும் தெரியாது.

ஆகவே மிச்சத்தைக் கணக்கினால் நிரப்ப வேண்டியிருக்கிறது. மலையை உயர வாரியாகப் பட்டை பட்டையாகப் பிரிப்பார்கள். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். உறைநிலைக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் நீர் உருகும் என்று வைத்து, அதைப் பனிப்பரப்பால் பெருக்கி, மழையைக் கூட்டினால் ஆற்றில் வரப்போகும் நீர் கிடைக்கும். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. ஆனால் அந்தச் 'சில மில்லிமீட்டர்' எத்தனை என்பது மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் மாறும். பனிமேல் புழுதி படிந்தாலே உருகும் வேகம் கூடிவிடும்.

கணக்கு பிசகினால் நஷ்டம் சிறிதல்ல. பாக்ரா அணையை வந்தடையும் சட்லெஜ் நீரில் சுமார் 59 சதவிகிதம் பனியும் பனிப்பாறையும் உருகி வருவதென ருர்க்கி நீரியல் நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். கோடையில் எவ்வளவு திறப்பது, எவ்வளவு தேக்குவது என்பது பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் குடியானவர்களின் வயிற்று விஷயம். காட்மாண்டுவிலுள்ள சர்வதேச மலை வளர்ச்சி மையத்தின் கணக்குப்படி, 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை, இந்துகுஷ்-இமயப் பிரதேசத்தில் பனி தரையில் தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 சதவிகிதம் குறைவு. 23 வருஷங்களில் அவ்வளவு குறைந்ததில்லை. இதுவும் செயற்கைக்கோள் கண்ட பரப்பையும் நாட்களையும் பற்றிய கணக்கே. எடை எவ்வளவு குறைந்ததென்று அறிய, சர்ச்சின் குழாயையோ, பனியின் பாரத்தைத் தானே உணரும் புதிய கருவிகளையோ மலைமேல் தூக்கிச் செல்ல வேண்டும். அவ்வளவு பெரிய மலைத்தொடருக்கு அத்தகைய அளவு நிலையங்கள் இன்னும் மிகச் சிலவே.